நாற்பத்தொன்றாம் வரி

செயின்ட் ஹீலியரில் கடல்
நாளுக்கு இரண்டு முறை
கோட்டைக்குப் போகும் கற்பாதையை விழுங்கித்
திருப்பித் தரும்.
நேரம் அச்சிட்ட அட்டவணை துறைமுகச் சுவரில் இருக்கிறது.
இங்கே யாரும் கடலை நம்புவதில்லை,
அட்டவணையைத்தான்.

என்னிடமும் ஒன்று உண்டு. எழுபத்திரண்டு வரிகள்.
ஓர் அபாயம், எதிரே ஒரு தடுப்பு,
அதற்கும் எதிரே ஒரு பெயர்.
தொகையை எழுதுகிறவர் ஒருவர்,
விடுவிக்கிறவர் வேறொருவர்.
வாடிக்கையாளர் கணக்கெண்ணை மாற்றச் சொன்னால்
மின்னஞ்சலை நம்பாதே,
பழைய எண்ணில் கூப்பிடு, குரலைக் கேள்.
பேரேடும் வங்கித்தாளும் ஒரு பென்னி பிசகினாலும்
வீட்டுக்குப் போகாதே.

தேனெடுக்கும் கை புறங்கையை நினைக்கும்.
நினைக்கட்டும்.
பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வேன்:
"உங்கள்மேல் எனக்குச் சந்தேகமில்லை,
உங்கள் வெள்ளிக்கிழமை மாலைமேல்தான்."
சிரிப்பார்கள்.
பதினோரு ஆண்டுகளாக அதே சிரிப்பு.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை.
காற்று. படகுகள் ரத்து.
பாதிப் பேர் குவெர்ன்சியில் மாட்டிக்கொண்டார்கள்.
டூல்ஸ் ஃபிகேய்ரா மருத்துவமனையில்,
மகன் நூனோவுக்கு மூச்சுத் திணறல்.
எண்பத்தாறு வயது திருமதி லெ மாசூரியேவின் முன்பணம்
ஐந்து மணிக்குள் முதியோர் இல்லத்துக்குப் போகாவிட்டால்
கடல் தெரியும் அந்த அறை வேறொருவருக்கு.

நான் எழுதினேன்.
விடுவிக்க ஆளில்லை.
டூல்ஸைக் கூப்பிட்டேன்.
பின்னால் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட,
அவள் தன் கடவுச்சொல்லை
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.
இரண்டு பெட்டிகள், இரண்டு பெயர்கள்,
ஒரே கை.

முப்பத்தெட்டாயிரத்து நானூறு பவுண்டு
போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.
கிழவிக்கு அறை கிடைத்தது.
ஏப்ரலில் எனக்கு ஒரு வாழ்த்தட்டை அனுப்பினாள்,
ஜன்னலைப் பற்றி மட்டும் எழுதி.

இப்போது டிசம்பர்.
மேசையில் ஒரு தாள்:
"ஆண்டு முழுவதும் எல்லாத் தடுப்புகளும் இயங்கின."
கீழே நிதித் தலைவர் என்ற சொல்,
மேலே என் பேனாவுக்கு ஓர் அங்குல வெள்ளை.

தணிக்கையாளர்கள் இருபத்தைந்து பட்டுவாடாக்களை
உருவிப் பார்த்தார்கள்.
இருபத்தைந்திலும் அது இல்லை.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்,
இதை எழுத வெட்கமாயிருக்கிறது.
அகப்படாமல் போனதைத் தடுப்பு என்று
எந்த வரியில் எழுதுவது?

சட்டமோ பயமோ அல்ல என்னை உறுத்தியது.
எழுபத்திரண்டு வரிகளிலும் தேடினேன்:
எல்லா அபாயங்களுக்கும் பெயர் வைத்திருந்தேன்,
என் பெயரை மட்டும்
காவல்காரர் பத்தியிலேயே விட்டிருந்தேன்.

டூல்ஸை அறைக்குக் கூப்பிட்டேன்.
"எழுதப் போகிறேன். உன் பேரும் வரும்.
கேட்டது நான் என்பதும் வரும்."
அவள் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
"பணம் சரியாத்தானே போச்சு?"
"போச்சு."
"அப்புறம்?"
எனக்குப் பதில் வரவில்லை.
எழுதியதைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன்.

நாற்பத்தொன்றாம் வரி. இயங்கவில்லை.
மீறியவர்: நான்.
கண்டுபிடித்தவர்: நான்.
நேரம்: நான்கு ஐம்பத்திரண்டு.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.
என் பேனாவை எடுத்தாள்.
"நாலு ஐம்பத்தாறு," என்றாள்.
"அப்பத்தான் அவனுக்கு மாஸ்க் மாட்டினாங்க.
எனக்கு நல்லா ஞாபகம்."

என் இரண்டை அடித்து ஆறாக்கினாள்.
பிறகு, யாரும் கேட்காமல்,
'சரிபார்த்தவர்' என்ற கட்டத்துக்குள்
தன் பெயரை
தன் கையாலேயே எழுதினாள்.